ஹனாபி ஃபைவின் கடைசிக் கசெற்

“டிவியோட கதைக்கிற பழக்கம் எங்கட பரம்பரையிலயே இல்லை, அன்ரி. ஏழு தலைமுறையா இல்லை.”

யோகலிங்கம் இதைச் சிரிக்காமல் சொன்னான். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த அந்த வீட்டின் மேலறைக்கு வாடகைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. படிப்பது கணக்கியல் என்றாலும், உலகத்தில் எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லும் தகுதி தனக்கு உண்டு என்று நம்பினான்.

“ஏழு தலைமுறைக்கு முந்தி டிவி எங்க தம்பி இருந்தது?” என்றார் வீட்டுக்காரர் தில்லையம்பலம்.

“இருந்திருந்தாலும் கதைச்சிருக்க மாட்டினம், அங்கிள்.”

அவர் மனைவி கமலாம்பிகை இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டோக்கியோவிலிருந்து வந்த பார்சலைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வழக்கம்போல ஒரு வீடியோ கசெற்.

மாதம் ஒன்று வரும். ‘தெரிஞ்ச ஒராள்’ அனுப்புகிறாராம். எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான்: ஹனாபி ஃபைவ் என்ற ஜப்பானியப் பாட்டுக் குழு வாரம்தோறும் நடத்துகிற டிவி நிகழ்ச்சி. ஜப்பான் கசெற் லண்டன் டெக்கில் ஓடாது. அதற்காகவே எந்த நாட்டுக் கசெற்றும் ஓடுகிற டெக் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தார் தில்லையம்பலம். வீட்டில் அதற்குப் பூப்போட்ட துணி உறைகூட உண்டு. சாமிப் படங்களுக்கு இல்லை.

யோகலிங்கம் கல்லூரியில் ஒரு ஜப்பான் மாணவியைப் பிடித்து விவரம் கேட்டு வைத்திருந்தான். ஐந்து பெடியன்கள். முதலில் பாடிய பாட்டுகளை ஒருவரும் வாங்கவில்லை. பாவம் பார்த்து டிவிக்காரர்கள் பாட்டுப் பாதி பகிடி பாதியாக ஒரு நிகழ்ச்சி கொடுத்தார்கள். முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு விழுந்து எழும்பிய பிறகு பாட்டும் விற்றது. இப்போது ஆளுக்கொரு பக்கமாகப் பிரிகிறார்கள். நிகழ்ச்சியும் முடிகிறது. இதுதான் கடைசிக் கசெற்.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து கமலாம்பிகை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. “இனி எப்ப பாக்கப் போறன்?” என்று குசினியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஐம்பத்தெட்டு வயது, ஆர்ச்வே முருகனுக்கு வெள்ளிக்கிழமை விரதம், அழுவதோ ஜப்பான் பெடியன்களுக்காக. யோகலிங்கத்துக்கு இது பெரிய விருந்தாக இருந்தது.

“அன்ரி, ஒரு சந்தேகம். பாட்டு வரேக்க எழும்பிப்போய்த் தேத்தண்ணி போடுறியள். பாட்டு முடிய ஓடி வாறியள். இப்பிடி ஒரு ரசிகையை நான் எங்கயும் காணேல்லை.”

“எனக்கு அவங்கட பாட்டு விளங்காது, தம்பி.”

“அப்ப ஏன் பாக்கிறியள்?”

“சும்மாதான்.”

தில்லையம்பலம் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு கசெற்றைப் போட்டார்.

ஐவரும் ஆடினார்கள். பாட்டு முடிந்தது. ஒளி மங்க, கறுப்பு உடுப்புக்காரர்கள் சிலர் ஒரு பெரிய படிக்கட்டைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கமலாம்பிகை கதிரை நுனிக்கு வந்துவிட்டாள்.

“போன மாசத்தை விட மெலிவு,” என்றாள்.

“சிவப்புச் சட்டைக்காரனோ? அவன்ட கன்னம் பணிஸ் மாதிரி ஊதிப்போய்க் கிடக்கு, அன்ரி.”

அவள் டிவியைப் பார்த்து, “நேரத்துக்குச் சாப்பிடன்,” என்றாள்.

யோகலிங்கம் தேநீரோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கினான். நாளைக்குக் கல்லூரியில் நண்பர்களுக்குச் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது.

கடைசிப் பாட்டும் முடிந்தது. ஐவரும் அழுதார்கள். சிவப்புச் சட்டைக்காரன் உள்ளே பார்த்து யாரையோ கையசைத்துக் கூப்பிட்டான். கமராக்காரர், பவுடர் பூசுகிற பெண்கள், கறுப்பு உடுப்புக்காரர்கள் என்று இத்தனை வருடம் திரைக்குப் பின்னால் உழைத்த எல்லோரும் மேடைக்கு வந்து வரிசையாக நின்றார்கள். ஐவரும் அவர்களுக்கு முன்னால் வந்து இடுப்பு வளையக் குனிந்தார்கள்.

கமலாம்பிகை டிவிக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிட்டாள். விரல் கண்ணாடியைத் தொட்டது.

“நிமிர்ந்து பாரன், ராசா. ஒருக்காப் பாரன். இனிக் காட்ட மாட்டாங்களடா.”

“அன்ரி, அங்க குனியிறதுதான் மரியாதை. நீங்கள் தமிழில சொன்னா அவங்களுக்கு…” என்று தொடங்கினான் யோகலிங்கம்.

தில்லையம்பலம் அவன் கையைப் பிடித்தார்.

“ஒருத்தருக்கும் சொல்லாதை, தம்பி. அவ கேக்கிறது அந்தப் பெடியளை இல்லை. பின்வரிசையில வயர்ச் சுருளோட ஒரு கறுவல் நிக்கிறான் பார், எங்கட மகன் சேகர். லண்டனுக்கெண்டு கூட்டிக்கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் அங்க விட்டிட்டுப் போட்டான். கண்டு ஏழு வருசம். விசா இல்லை. கமரா திரும்பினா தலையைக் குனிஞ்சிடுவான்.”

“போட்டோ அனுப்புறவன்தான்,” என்றாள் கமலாம்பிகை, திரும்பாமலே. “போட்டோவில நடக்க மாட்டானே.”

யோகலிங்கம் கோப்பையை நிலத்தில் வைத்தான். மெல்லப் போய் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து, யாருடைய தூக்கத்தையோ கலைக்கப் பயந்தவன்போலச் சொன்னான்:

“சேகர் அண்ணை, ஒருக்கா நிமிருங்கோ. அம்மா பாக்கிறா.”