உப்பு பத்தாத தொக்கு

"எல்லாம் சூப்பர்மா. உப்புதான் பத்தல."

"கருவாட்டுத் தொக்குல உப்பு பத்தலியா? ஓட்டல் சோறு துன்னு துன்னு நாக்கு செத்துப்போச்சுடி உனக்கு."

கெங்கம்மா சிரித்துக்கொண்டே சங்கரா மீனின் செதிலைச் சுரண்டினாள். ஐஸ் பெட்டியின்மேல் சாய்த்து வைத்திருந்த போனில் மகள் அனுவின் முகம், கன்னம் கொஞ்சம் ஒட்டிப்போய்.

பட்டினப்பாக்கத்து மீன்கடையிலிருந்து தி.நகரில் அவள் இருக்கும் ஓட்டலுக்கு ஒரே பஸ்தான். ஆனாலும் இரண்டு வாரமாகப் போனில்தான் மகளைப் பார்க்கிறாள்.

தெற்காசியப் பெண் பிள்ளைகளுக்கான கால்பந்துப் போட்டி. கொரோனாக் காலம் என்பதால் ஓட்டலை விட்டால் மைதானம், மைதானத்தை விட்டால் ஓட்டல். பெற்றவர்கள்கூடக் கிட்டே போகக்கூடாது. நந்தனத்தில் காலி நாற்காலிகளுக்கு முன்னால்தான் அத்தனை ஆட்டங்களும் நடந்தன.

நாளை இறுதி ஆட்டம். இதுவரை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அனுவின் பெயரை, இன்று காலைதான் முதல் பதினொருவரில் சேர்த்திருந்தார்கள்.

"பொண்ணா கெங்கம்மா?" மீனுக்காகக் காத்திருந்த டோரதி டீச்சர் மாஸ்க்கை இறக்கி, போனைப் பார்த்துக் கையாட்டினாள். "நாளைக்கு எங்க தெருவே டிவில பார்க்கப்போகுது. பூசையில ஃபாதர் உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாரும்மா."

"தேங்க்ஸ் டீச்சர்!"

தொக்கு பாட்டிலை மூன்று பாலிதீன் கவரில் சுற்றி, பூட்ஸுக்குள் திணித்து அனுப்பியது கெங்கம்மாதான். இறுதி ஆட்டத்துக்குப் போனால் மட்டுமே திறக்கணும், இல்லாவிட்டால் மாடி முழுக்க நாறும் என்று சொல்லித்தான் அனுப்பினாள். சொன்ன பேச்சைக் கேட்டு மகள் இன்றைக்குத்தான் திறந்திருக்கிறாள்.

"கூடக் கீற ஹரியானாப் பொண்ணு திட்டலியா?"

"அந்த கோல்கீப்பரா? மூக்கைப் பொத்திக்கினு பால்கனிக்கு ஓடிட்டா. சும்மா சீன் போடுறாமா. நான் பாட்டிலுக்குள்ளயே மூக்கை வுட்டுப் பாத்தேன், ஒரு வாசனையும் இல்ல. அப்புறம் என் ஸ்பூனாலயே ஒரு வாய் ஊட்டி வுட்டேனா, கண்ணுல தண்ணி ஊத்துது, இன்னொரு வாய் குடுங்கிறா!"

கெங்கம்மாவின் கத்தி பாதி மீனில் நின்றது.

கடலிலிருந்து காற்று வீசியது. காலையில் வந்த மீன், நேற்றைய ஐஸ் தண்ணீர், பக்கத்துக் கடை இறால் ஓடு. எல்லாம் தனித்தனியாக அவள் மூக்கில் ஏறின.

போன கோடையில் ஒரு விடிகாலை. புருஷன் பக்கிரி ஏலத்தில் எடுத்து வந்த கூடையைத் திறந்ததும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அத்தனையும் கெட்டுப்போன மீன். குப்பத்திலேயே அவன் மூக்கை நம்பித்தான் நாலு பேர் மீன் எடுப்பார்கள்.

"மோந்து பாக்கலியாய்யா?" என்று கத்தினாள்.

அவன் குனிந்து மோந்து பார்த்தான். நல்லாத்தானே இருக்கிறது என்றான். மறுபடியும் குனிந்தான். இந்த முறை நிமிர வெகுநேரம் ஆனது.

"ரெண்டு நாள் யாராண்டயும் சொல்லாத கெங்கா. தெருவையே தகரம் வெச்சி அடைச்சிடுவானுங்க."

அவள் சொல்லவில்லை.

அப்பாவுக்குத் திடீரென்று மூச்சு முட்டியது, ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பதற்குள் போய்விட்டார். அனுவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த இரண்டு நாளைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

"மா? லைன்ல கீறியா?"

"அனு, பாத்ரூம்ல சோப்பு கீதில்ல? போய் மோந்து பாரு."

"இன்னாத்துக்கு?"

"சொன்னா செய்யி."

மகள் போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனாள். திரையில் இப்போது அறையின் கூரை மட்டும். வெள்ளையாக, ஒரு விரிசல்கூட இல்லாமல். எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கிட்டத்தில் ஒரு குரல், ஹரியானாப் பெண்ணுடையதாக இருக்கும், ஏதோ இந்திப் பாட்டை முனகிக்கொண்டிருந்தது.

எல்லாருக்கும் கடைசியாகப் பார்த்த டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. அடுத்த டெஸ்ட் ஆட்டமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போதுதான். டீம் டாக்டர் தன் நம்பரை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்து, பிள்ளை லேசாக இருமினதாகத் தெரிந்தாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார். இந்த போனிலேயே இருக்கிறது அந்த நம்பர்.

"தலையை எடுத்துடு கெங்கம்மா, வீட்ல யாரும் சாப்பிடமாட்டாங்க," என்றாள் டீச்சர்.

கெங்கம்மா தலையை நறுக்கினாள். கை தானாகவே வேலை செய்தது.

கூரை ஆடியது. போனை எடுத்துக்கொண்டு அனு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் மூக்கு நுனியில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாச்சாம் பொண்ணுக்கு?" டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

கெங்கம்மா போனைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே அந்தப் பெண் தட்டிக்கொண்டே சிரித்தாள். தொக்கு, தொக்கு என்று புதிதாகக் கற்ற அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அனு வாயைத் திரைக்கு அருகே கொண்டுவந்தாள். குரல் அப்படியே அப்பனுடையது.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும்மா. யாராண்டயும் சொல்லாத."