பெயர்த்து ஒட்டிய கல்

ஆள் கூப்பிடுவது என்றால் என் கணவருக்கு எட்டிக்காய். அடுப்படித் தரைக்கு டைல்ஸையும் அவரே ஒட்டினார், நின்றுபோன காரையும் அவரே வாசலில் பிரித்துப் போட்டார். இரண்டும் பாதியில் கிடந்தன. கேட்டால் தரை கோணல் என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

நேற்று இன்ஜினுக்குள் ஸ்பானரைத் தவறவிட்டார். குடைந்து பார்த்தும் கிடைக்கவில்லை. இன்று காலை, அடுப்படியில் போன வாரம் ஒட்டிய ஒரு கல் மட்டும் தட்டினால் அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தது. திட்டிக்கொண்டே பெயர்த்தார். அடியில் அதே ஸ்பானர். ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீதான ஒளிச்சு வச்ச?" என்று பாய்ந்தார்.

"சிமெண்டுக்கு அடியில நான் எப்படிங்க வைப்பேன்? பேசாம ஒரு மெக்கானிக்கக் கூப்பிடுங்க."

"வாய மூடு. உனக்கு என்னடி தெரியும்?"

பெயர்த்ததில் அவர் விரல் கிழிந்திருந்தது. கட்டுப் போட்டுவிட்டேன். அதற்கும் நான்தான் காரணமாம். ஈரச் சிமெண்டில் கல்லை மறுபடி பதித்துவிட்டுக் காருக்குப் போனார்.

மாலையில் வாசலிலிருந்து கத்தினார். "நட்டு உள்ள விழுந்துடுச்சு. கைய விட்டு எடுக்கறேன்."

அடுப்படியில் அந்தக் கல் ஒரு பக்கமாக மெல்ல எழும்பியது. இடுக்கில் நான்கு விரல்கள் வெளியே வந்து தரையைத் தடவின. எல்லாம் கிரீஸ். ஒன்றில் நான் போட்ட கட்டு.

"கையில என்னமோ தட்டுப்படுது. மரம் மாதிரி நிக்காம டார்ச்ச எடுத்துட்டு வாடி, தண்டம்!"

டார்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அந்தக் கல்லின்மேல் ஏறி நின்றேன்.