சப்பும் விரல்

"குடிடா, என் ராசா," என்று கெஞ்சினாள் ரென்ஸ்கா. பிறந்து மூன்று நாளான காளைக்கன்று பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பியது. அவள் பாலில் விரலை நனைத்து அதன் வாயில் வைத்தாள். கன்று சப்பத் தொடங்கியதும் நைசாக ரப்பர் காம்பை நுழைத்தாள்.

"நம்ம மகளுக்குக்கூட நீ இவ்வளவு பொறுமையா ஊட்டினதில்ல," என்றான் கணவன் ஹெஸ்ஸல்.

"அவ பசிச்சா தானே குடிப்பா. இவன் அழுத்தக்காரன்."

இரண்டு வாரத்தில் அவள் விரலைக் கண்டாலே கன்று ஓடிவந்தது.

ஒருநாள் காலை கன்று வியாபாரியின் லாரி வந்தது. வியாபாரி கன்றின் வாயில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். அது கண்ணை மூடிச் சப்பியது.

"நோய்நொடி இல்ல, ஏத்திடுங்க. சப்பாத கன்னுக்குட்டிய கறிக்கு எவனும் எடுக்கமாட்டான்."

ரென்ஸ்கா விரலை நீட்டினாள். அதைச் சப்பிக்கொண்டே கன்று அவள் பின்னால் லாரிக்குள் ஏறியது. அவள் விரலை உருவிக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

"நான் வளர்த்ததுல ஒண்ணைக்கூட கயிறு போட்டு இழுத்ததில்ல," என்றாள் பெருமையாக.