சர்க்கரை டின் பதிந்த பேரிடர்

இருபத்தைந்து வருடமாகப் புயலும் வெள்ளமும் எட்டிப் பார்க்கவில்லை. பேரிடர் வந்தால் மட்டும் திறக்கவென்று ஜெசிந்தா வீட்டில் வைத்திருந்த உணவு டின்களின் காத்திருப்புக் கெடு இன்றோடு முடிந்தது. இனி அவற்றை இஷ்டப்படி சமைக்கலாம். மாவு, முட்டைப் பொடி, வெண்ணெய்ப் பொடி எல்லாம் புதிது போல இருந்தன. குடியிருப்பில் எல்லோருக்கும் மாலையில் குக்கீஸ் தருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

சர்க்கரை டின் மட்டும் பாதி காலி.

“ஏங்க, இதை யார் திறந்தது?”

கணவன் அமல்தாஸ் மாவு சலிப்பதில் மும்முரமானான்.

பேரிடர் என்னவென்று வாய்விட்டுச் சொன்னால்தான் கெடுவுக்கு முன் டின் திறக்கும். சொன்னதைப் பதிந்தும் வைத்துக்கொள்ளும். ஜெசிந்தா மூடியை அழுத்தினாள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அமல்தாஸின் குரல் கேட்டது.

“என் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு தூத்துக்குடி போயிட்டா. நாலு நாளாச்சு. தயவுசெஞ்சு திறந்துடு.”

“இதுக்கெல்லாமா திறந்துச்சு?”

“மூணு தடவை முடியாதுன்னுச்சு. அப்புறம் அழுதுட்டேன்.”

“அப்ப, எங்கம்மா வீட்டுக்குக் கொண்டாந்தீங்களே, கல்லு மாதிரி குக்கீஸ்... கடையில வாங்குனதுன்னீங்களே?”

“நான் சுட்டதுன்னு சொன்னா நீ வாயில வெச்சிருப்பியா?”

ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் முட்டைப் பொடி மேடையெல்லாம் பறந்தது.

மாலையில் ஆளுக்குப் பாதி குக்கீதான் கிடைத்தது. யாரும் குறை சொல்லவில்லை. ஜெசிந்தா தட்டோடு சர்க்கரை டின்னையும் வீடு வீடாகத் தூக்கிப் போய், அந்தக் குரலைப் பெருமையாகப் போட்டுக் காட்டினாள்.