ஆணியால் எழுதிய பேர்

காசிமேட்டுக் கல்லறையில் சவப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்த பிறகும் ரஷீதுக்குத் தோளில் பாரம் இறங்கவில்லை.

ராசையா வாத்தியார் வீட்டு வாசலில், ஆட்கள் கலைந்துபோன பெஞ்சில், அவனும் ஜெயவேலும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் வாத்தியாரிடம் ஒன்றாகப் படித்தவர்கள். ஜெயவேல் இப்போது ரயில் பட்டறையில் கரி அள்ளுகிறான். ரஷீது துறைமுகத்தில், கப்பலேறும் மரப்பெட்டிகளின் மேல் கறுப்பு மையால் பேரும் ஊரும் எழுதுகிறான். காலையிலிருந்து குனிந்து எழுதிக்கொண்டிருந்தவன், வாத்தியார் போய்விட்டார் என்று செய்தி வந்ததும் அப்படியே கிளம்பி வந்துவிட்டான்.

எழுந்து வீட்டுக்குப் போகவேண்டும். தெம்பில்லை. துக்கம்கூட அப்புறம்தான் வரும் போலிருந்தது. இப்போதைக்கு அசதிதான்.

வாத்தியாரின் மனைவி பிலோமி அம்மாள், பக்கத்து வீட்டிலிருந்து வந்த கடுங்காப்பியை இரண்டு தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயவேல்தான் பேச்சை எடுத்தான்.

"தகரம் கட்டிக்கினு திரிஞ்சோமே, ஞாபகம் கீதாடா?"

ரஷீதுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக.

ஜப்பான்காரன் விமானம் வருகிறது என்று பட்டணமே காலியான வருஷம் அது. சொந்த ஊர் உள்ளவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். போக்கிடம் இல்லாத துறைமுகக் கூலிகளின் பிள்ளைகளும் மீன்பிடிக்கிறவர்களின் பிள்ளைகளும்தான் ராயபுரத்தில் மிச்சம். அவர்களைக் கூட்டி வைத்து, ராசையா வாத்தியார் இந்த வீட்டிலேயே பாடம் நடத்தினார்.

ஒருநாள் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, ஓரம் கையைக் கிழிக்காதபடி மடித்துத் தட்டி, சின்னச் சின்ன வில்லைகளாகக் கொண்டுவந்தார். அதில் ஆணியால் பேரைக் கீற வேண்டும். தன் பேர், அப்பா பேர், தெருப் பேர். கீறியதைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். குளிக்கும்போதும் அவிழ்க்கக் கூடாது.

எழுத்துப் பழக ஒரு விளையாட்டு என்றார்.

எழுதத் தெரியாத குட்டிகளும் இருந்தார்கள். ரஷீதின் எழுத்துதான் நல்ல அழுத்தமாக விழுகிறது என்று சொல்லி, ஆணியை அவன் கையில் கொடுத்தார். அதுவரை அவனை எதற்கும் யாரும் மெச்சியதில்லை. குட்டிகள் வரிசையில் நின்று, அண்ணே எனக்கு, அண்ணே எனக்கு என்று நச்சரித்தார்கள். அவன் பெரிய மனுஷன்போல உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீறிக் கொடுத்தான். அன்றைக்குப் பழகிய கைதான் இன்றைக்குச் சோறு போடுகிறது.

"இன்னாத்துக்கும்மா தகரம்? சிலேட்டுதான் இருந்துதே," என்று ரஷீது கேட்டான். சும்மாதான் கேட்டான்.

பிலோமி அம்மாள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிலேட்டு நொறுங்கிடும் நைனா. துணின்னா எரிஞ்சிடும். குண்டு வுழுந்து மூஞ்சி தெரியாம போச்சுன்னா, எந்தப் புள்ள எந்த வூட்டுதுன்னு தெரிய வாணாவா? தகரம்தான் நிக்கும்னாரு."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"பகல்ல உங்களோட சிரிச்சிக்கினு இருப்பாரு. நீங்கள்லாம் வூட்டுக்குப் போன அப்பறம் ஒரு வாய் சோறு எறங்காது."

ஜெயவேல் தம்ளரைக் கீழே வைத்தான்.

அந்தத் தெருவில் எந்தக் குண்டும் விழவில்லை. போனவர்கள் திரும்பி வந்தார்கள், பள்ளிக்கூடம் திறந்தது, தகரமெல்லாம் எங்கெங்கோ தொலைந்து போயிற்று. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரஷீது அதைத் தனக்குத்தானே இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டான்.

அந்தக் குட்டிகளில் குப்பம்மா என்று ஒருத்தி. கருவாடு காயும் மணலில் வளர்ந்தவள். யார் வீட்டிலோ தின்பாள், யார் வீட்டிலோ தூங்குவாள். அவள் முறை வந்தபோது ரஷீது அப்பா பேரைக் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. தெருவைக் கேட்டான். அதற்கும் விழித்தாள். சரிதான் என்று அவள் பேரை மட்டும் கீறப் போனவனிடமிருந்து வாத்தியார் ஆணியை வாங்கிக்கொண்டார். தரையில் உட்கார்ந்து, குனிந்து, தானே கீறினார்.

குப்பம்மா. அப்பா ராசையா. அதன் கீழே இந்த வீட்டு விலாசம்.

அத்தனை பேரில் அவர் தன் கையால் எழுதிக் கொடுத்தது அவளுக்கு மட்டும்தான்.

அந்தப் பொறாமையில், அன்று முழுக்க ரஷீது அவளோடு பேசவில்லை.