கடிதங்களைக் கொண்டுவர வேண்டாம்

நாலு பேர் சாமானோடு வரிசையில் நிற்க, கடைக்காரி யாரோ ஒருவருக்கு ஜேர்மன் மொழியில் வந்த கந்தோர்க் கடிதத்தை ஆறுதலாக வாசித்து விளக்கிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

கவிசாவுக்கு நன்றாகவே வந்தது. கைப்பேசியில் நேரத்தைக் குறித்தாள். பதினேழு நிமிடம். கடிதத்தோடு வந்த மனிதர் ஒரு பிடி கறிவேப்பிலை கூட வாங்காமல் போனார்.

கவிசா ஜேர்மனியின் ரூர் பிரதேசத்து நகரமொன்றில், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் படிக்கிறாள், கடைசி வருடம். அவளுடைய பீடத்துக்குக் கொஞ்சம் பெருமை அதிகம். சுரங்கமும் ஆலையும் மூடிப் படுத்துவிட்ட பிரதேசத்தைத் தாங்கள்தான் தூக்கி நிறுத்துகிறோம் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்காக வருடாவருடம் மாணவர்களைச் சின்னக் கடைகளுக்கு அனுப்பி இலவசமாக ஆலோசனை சொல்ல வைப்பார்கள். கவிசாவுக்குக் கிடைத்தது மரியமலரின் தமிழ்க் கடை.

மூன்று நாள் மூலையில் நின்று பார்த்தாள். கடை விழுந்துகொண்டிருந்தது, அதில் பொய்யில்லை.

“அக்கா, ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிசம் கடிதம் வாசிக்கிறதிலை போகுது உங்களுக்கு. நிக்கிற சனம் சாமானை வைச்சிட்டுப் போகுது. இதுக்குக் காசாவது வாங்குறனீங்களோ?”

“கடிதம் வாசிக்கிறதுக்கு என்ன காசு பிள்ளை?”

“அப்ப அதுகள் ஆலோசனை நிலையத்துக்குப் போகட்டும். அதுக்கெண்டு கந்தோர் இருக்குத்தானே.”

“அங்கை போய்ச் சந்திக்க டெர்மின் ஆறு கிழமைக்குப் பிறகுதான் குடுப்பினம். கடிதத்திலை ஒரு மாதத்துக்குள்ளை பதில் எழுது எண்டு கிடக்கும்.”

“அது உங்கடை பிரச்சினை இல்லை அக்கா.”

மரியமலர் முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே யோசித்தாள். மன்னாரிலிருந்து வந்து இருபத்தாறு வருடம். எதிர்த் தெருவில் பெரிய ஆசியக் கடை திறந்த பிறகு வாடகை கட்டவே மூச்சு வாங்குகிறது.

“சரி, யூனிவர்சிற்றி சொன்னால் பிழையாவோ இருக்கப்போகுது. நீயே எழுதி ஒட்டிவிடு.”

கவிசா அழகாக எழுதினாள். ‘கடிதங்களைக் கொண்டுவர வேண்டாம். உங்கள் பிள்ளைகளிடம் காட்டி வாசிக்கவும்.’ கீழே மூலையில் பீடத்தின் சின்னத்தையும் போட்டுக் கடைக் கதவில் ஒட்டினாள்.

அதற்குப் பிறகு அறிக்கை எழுதுகிற வேலை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டாள். முதுகில் ஒப்பரேஷன் செய்த அம்மா மக்டலீன் வெளியே சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிற சத்தம் கேட்கும். சிகிச்சை விடுதியில் மூன்று கிழமை வைத்துப் பயிற்சி கொடுத்தால்தான் நிமிர்ந்து நடப்பார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மருத்துவக் காப்புறுதியிடம் விண்ணப்பம் போயிருந்தது.

ஒரு நாள் அப்பா யோசப் கதவைத் தட்டினார்.

“பிள்ளை, ஒரு சின்ன விசயம்...”

“அப்பா, புறொஜெக்ற் முடியுமட்டும் என்னோடை ஒருத்தரும் கதைக்காதேங்கோ, ப்ளீஸ்.”

“ஓம் ஓம், நீ படி.”

சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஐந்து கிழமை கழித்து அறிக்கை மேடையேறியது. மரியமலர் கடிதம் வாசித்த நேரத்தை ‘வீண் நேரம்’ என்று சிவப்பில் காட்டியிருந்தாள் கவிசா. பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். “இந்தப் பிரதேசத்துக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்” என்றார். புள்ளி ஒன்று தசம் பூச்சியம். ஜேர்மனியில் அதற்கு மேல் புள்ளி கிடையாது.

வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“அப்பா, ஒண்டு எடுத்திட்டன்.”

யோசப்புக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கு முன்னமே தெரியும். இஞ்சை பார்” என்று கைப்பேசியை நீட்டினார். அதில் மரியமலரின் கடைக் கதவு. கதவில் அவள் எழுதிய அறிவித்தல்.

“ஆர் எழுதினது எண்டு கேட்டன். உங்கடை மகள்தான் எண்டு மலர் சொன்னா. படம் எடுத்துக் கனடாவிலை மாமிக்கும் அனுப்பினனான்.”

கவிசாவுக்கு வெட்கமும் சந்தோசமும் சேர்ந்து வந்தது. “நீங்கள் என்னத்துக்கப்பா அங்கை போனனீங்கள்?”

அப்பா கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அம்மாதான் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

“இதை வாசிக்கத்தான். பத்தாம் வகுப்பிலை உனக்குக் கடிதம் பாக்க நேரமில்லை எண்டனி. அண்டையிலிருந்து எங்கடை கடிதமெல்லாம் மலர்தான் வாசிச்சுப் பதிலும் எழுதித் தாறவ.”

காப்புறுதிக் கடிதம். அம்மாவின் சிகிச்சையை மறுத்திருந்தார்கள். சம்மதமில்லையென்றால் ஒரு மாதத்துக்குள் டொக்டரின் கடிதத்தோடு எழுதலாம் என்றும் கீழே இருந்தது. கவிசா திகதியைப் பார்த்தாள். கெடு முடிந்து நாலு நாள்.

“இவ்வளவு நாளும் ஏனப்பா என்னட்டைக் காட்டேல்லை? நான் இந்த வீட்டுக்குள்ளைதானே இருந்தனான்” என்றாள்.

“பிள்ளையளிட்டைக் காட்டச் சொல்லித்தானே நீ எழுதி ஒட்டியிருந்தனி” என்றார் யோசப். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. “அதுதான் வந்து கதவைத் தட்டினனான், பிள்ளை.”