தெற்கே வருகிறவள்

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் எபினேசரும் ஞானம்மாவும் சுண்ணாம்பு வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். மகள் ஷைனியின் கல்லறை அவளுடைய தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கல்லறையைக் கட்டிய வருடம், இரண்டு கல்லறைகளுக்கும் நடுவில் ஒரு மெழுகுவத்தி வைக்கத்தான் இடம் இருந்தது. இப்போது ஞானம்மா அந்த இடத்தில் உட்கார்ந்தே வெள்ளையடிக்கிறாள். தாத்தாவின் கல்லறை போட்ட இடத்திலேயே இருக்கிறது. சிமெண்டில் ஒரு விரிசல்கூட இல்லை.

“நெலம் நகருதுன்னு அவதான சொன்னா” என்றார் எபினேசர்.

ஷைனி சொல்லியிருந்தாள். ஞானம்மா நகம் வெட்டிவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூமிக்கு உள்ளே சூட்டில் பாறையே மெல்ல நகர்கிறது, அதன்மேல் நம் நிலமும் நகம் வளர்கிற வேகத்தில் வடக்கே போகிறது என்று பாடத்தை ஒப்பித்திருந்தாள்.

“நெலம் வடக்கால போவுது. இவ தெக்கால இல்ல வந்துக்கினு கீறா” என்றாள் ஞானம்மா.

தெற்கே, நெடுஞ்சாலையோடு போனால் புதுவாயல். அங்கேதான் அவர்கள் வீடு.

“வரட்டும் வுடு, ஞானா.”

“வரட்டுங்க. இந்த வேகத்துல அவ வந்து சேரச்சொல்ல நாம இருக்க மாட்டோமே. கதவ யாரு தொறப்பாங்க?”

எபினேசர் வாளியைத் தூக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஸ்குரூடிரைவரை எடுத்து வாசற்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார்.